பற்று நோட்டும் மழைமானியும்

மழை பொய்த்த ஆண்டில் அதை முதலில் அறிவிப்பது அரசிதழ் அல்ல, மளிகைக் கடையின் பற்று நோட்டுதான். ரஞ்சன்குடி, மங்கலமேடு, வாலிகண்டபுரம், எறையூர் வட்டாரத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி பாதி கழிவதற்குள், வாரம் தவறாமல் கணக்குத் தீர்த்தவர் "அடுத்த வாரம் சேர்த்துத் தந்துவிடுகிறேன்" என்கிறார். மூட்டையாக அரிசி எடுத்த வீட்டுக்காரர் பத்து கிலோ போதும் என்கிறார். டீத்தூள் கால் கிலோ பாக்கெட் அப்படியே நிற்க, ஐந்து ரூபாய் பாக்கெட் சரம் சரமாகப் போகிறது. இரும்புக் கடையில் ஆறு பாகம் கயிறு கேட்டவர் பத்து பாகம் கேட்கிறார். மோட்டார் வைத்திருப்பவர் இன்னும் இரண்டு குழாய் இறக்க வேண்டும் என்று வருகிறார். பாத்திரக் கடையில் பொங்கலுக்கு முன்பே பிளாஸ்டிக் குடம் தீர்ந்து போகிறது. வைக்கோல் விலை ஏறுகிறது, சந்தையில் மாட்டு விலை இறங்குகிறது.

இத்தனையும் நடந்து முடிந்த பிறகுதான் "வறட்சி பாதித்த மாவட்டம்" என்ற அறிவிப்பு வருகிறது. இடையிலே கழியும் அந்த இரண்டு மூன்று மாதங்களைப் பற்றித்தான் நம் உறுப்பினர்களோடு பேச விரும்புகிறோம்.

2016-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் சராசரியாகப் பெய்ய வேண்டிய 440 மில்லிமீட்டருக்கு 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. பற்றாக்குறை 62 சதவீதம். நூற்று நாற்பது ஆண்டுகளில் இப்படி ஒரு பருவம் இல்லை என்று அரசே சொன்னது. அக்டோபர் கடைசியிலேயே வானம் கைவிட்டது தெரிந்துவிட்டது. அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது 2017 ஜனவரி 10-ஆம் தேதி. அதாவது போகிக்கு மூன்று நாள் முன்பு. அதற்குள் நம் கடைகளில் பொங்கல் சரக்கு வந்து இறங்கியிருந்தது. வெல்லம், பச்சரிசி, பாத்திரம், ஜவுளி எல்லாம் கடனில் எடுத்த சரக்கு. வாங்க வேண்டிய சம்சாரி வீட்டில் பருத்தி காய்ந்து நின்றது.

அதே பருவத்தில்தான் நவம்பர் 8 அன்று ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வியாபாரம் படுத்ததற்கு நோட்டு விவகாரமே முழுக் காரணம் என்று எல்லோரும் பேசினார்கள். எவ்வளவு நோட்டால் வந்தது, எவ்வளவு வானத்தால் வந்தது என்று பிரித்துக் காட்ட எந்த ஊர்ச் சங்கத்திடமும் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவன் முறையிட்டால் அது புலம்பலாகத்தான் கேட்கும்.

அறிவிப்புக்குப் பிறகு மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது 39,565 கோடி ரூபாய். 2017 மார்ச்சில் ஒதுக்கப்பட்டது சுமார் 1,748 கோடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான மானாவாரிப் பயிருக்கு நிவாரணம் ஏக்கருக்கு 3,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். விதை, உரம், மருந்து என்று ஒரு ஏக்கர் பருத்திக்கு நம் கடைகளில் எவ்வளவு பற்று எழுதப்படுகிறது என்பது உரக்கடை வைத்திருக்கும் நண்பர்களுக்குத் தெரியும். நிவாரணத் தொகையைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. அறிவிப்பு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நாளும் கிராமத்தின் கடனைச் சுமப்பது சில்லறை வணிகர் என்பதையே சுட்டிக்காட்டுகிறோம்.

இன்னொன்றையும் நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். இயற்கைப் பேரிடர் பாதித்த பகுதிகளுக்கான நிவாரணம் குறித்து ரிசர்வ் வங்கி 2018-இல் வங்கிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. அதில் விவசாயக் கடன் மட்டுமல்ல, கிராமக் கைவினைஞர், வியாபாரி, சிறுதொழில் செய்வோர் வாங்கிய கடன்களுக்கும் தவணையை மாற்றி அமைக்கலாமா என்பதை மாநில வங்கியாளர் குழுவோ மாவட்ட ஆலோசனைக் குழுவோ நிலைமையின் கடுமையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. அறிவிப்பு இல்லாமல் இந்தக் கதவு எதுவும் திறக்காது. ஆகவே வறட்சி அறிவிப்பு சம்சாரியின் காரியம், நமக்கென்ன என்று இருப்பது சரியில்லை.

ஆனாலும் நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. காரணமும் நமக்குத் தெரியும். "பெரம்பலூர்ப் பக்கம் வறட்சி" என்று ஒரு வார்த்தை திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், முப்பது நாள் கடன் கொடுத்த மொத்த வியாபாரி பதினைந்து நாள் என்பார். அடுத்த லோடுக்கு ரொக்கம் கேட்பார். அந்தப் பயத்தில் நிலைமை நன்றாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டு, வழக்கம்போல சரக்கை எடுத்துக் கொண்டுவந்து அடுக்கி, தை பிறந்ததும் தவிக்கிறோம். மொத்த வியாபாரிக்கு எப்படியும் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், செக் திரும்பினால் தெரியாதா? முன்கூட்டியே சொல்லி ஆர்டரைக் குறைத்துக்கொள்பவரைத்தான் அவர் அடுத்த ஆண்டும் நம்புவார் என்பது நமது அபிப்பிராயம். மொத்த வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர்கள் இதை மறுத்தால் அடுத்த இதழுக்கு எழுதட்டும், வரவேற்கிறோம்.

கடைக்கணக்கை வைத்துப் பஞ்சத்தை அறிவது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கும் 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, வெள்ளைக்கார அரசு ஒரு குழு போட்டு விசாரித்தது. 1880-களில் மாகாணம்தோறும் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. பஞ்சம் வரப்போகிறது என்பதற்கு எந்தெந்த அறிகுறிகளை அதிகாரிகள் கவனிக்க வேண்டும் என்று அவற்றில் பட்டியல் உண்டு. தானிய விலை ஏறுவது, தானிய வியாபாரம் திடீரென்று சுறுசுறுப்பாவது, கடன் கொடுப்பது சுருங்குவது, பிச்சை கேட்டு அலைவோர் பெருகுவது, மந்தைகள் மேய்ச்சல் தேடி வழக்கமில்லாத திசையில் போவது என்று அது நீளும். நம் தொழிலில் தினமும் கண்ணில் படுகிற விஷயங்கள்தாம் இவற்றில் பாதி. அந்த அரசு பஞ்சத்தில் எத்தனை லட்சம் பேரைச் சாகவிட்டது என்பது வேறு கதை. ஆனால் கடைத்தெருவைப் பார்த்தால் காலம் தெரியும் என்பதை அது அறிந்திருந்தது.

இன்றைய ஏற்பாடு வேறு. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடுதான் அடிப்படை. முதலில் மழை. சராசரியிலிருந்து எவ்வளவு குறைந்தது, மூன்று நான்கு வாரம் தொடர்ந்து மழை பாதிக்கும் கீழே போனதா என்று பார்க்கிறார்கள். அடுத்து விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிரின் பசுமை, மண்ணின் ஈரம், அணை இருப்பு, நிலத்தடி நீர் ஆகியவை. கடைசியில் பத்தில் ஒரு பங்கு கிராமங்களில் நேரில் போய்ச் சரிபார்ப்பு. நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டோம். செயற்கைக்கோள் வயலை வாரம் தவறாமல் பார்க்கிறது. ஆனால் எந்த வீட்டில் குழாய் எத்தனை நாளாக வரவில்லை என்று அதற்குத் தெரியாது. (நம் ஊரில் எந்த வறட்சியிலும் பச்சையாக நிற்பது சீமைக்கருவேலம் ஒன்றுதான் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.) ரபி பருவத்துக்கு அறிவிப்புச் செய்யக் கடைசி நாள் மார்ச் 31 என்கிறது கையேடு. ஆவணி, புரட்டாசியில் நாம் விதைக்கும் மக்காச்சோளமும் பருத்தியும் தை, மாசியில் வீட்டுக்கு வந்துவிடும், அல்லது வராமலே போய்விடும். பங்குனியில் வரும் அறிவிப்பு யாருக்கு?

நமது மாவட்டத்தில் மழைமானிகள் உண்டு. பெரம்பலூர், செட்டிகுளம், பாடாலூர், அகரம்சீகூர், லெப்பைக்குடிக்காடு, புதுவேட்டக்குடி, எறையூர், கிருஷ்ணாபுரம், தழுதாழை, வி.களத்தூர், வேப்பந்தட்டை என்று மழை பெய்த மறுநாள் காலை பத்திரிகைகளில் அளவு வருகிறது. பருத்தி விலையையும் சின்ன வெங்காய விலையையும் ஒரு ரூபாய் பிசகாமல் சொல்லும் நாம், இந்தப் பட்டியலை எத்தனை பேர் படிக்கிறோம்? ரஞ்சன்குடி கடைக்காரர் எறையூர் அளவையும் வி.களத்தூர் அளவையும் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிவந்தால், கார்த்திகை பிறக்கும்போது அவரிடம் இருப்பது வதந்தி அல்ல, கணக்கு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டாயிரம் சதுர அடிக் குடோன் கூரையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரத்து எண்ணூறு லிட்டருக்கு மேல் வரும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாம் எல்லோரும் குழாய் வைத்தோம். அந்தக் குழாய்களில் எத்தனை இன்று தொட்டியோடு சேர்ந்திருக்கின்றன என்பதை அவரவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்.

மழையை மட்டும் பார்த்தாலும் போதாது. பயிர் வறட்சி வேறு, குடிநீர் வறட்சி வேறு. பெரம்பலூர் நகரம் நம்பியிருப்பது கொள்ளிடக் கரையிலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீரை. மேட்டூருக்கு மேலே குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்தால்தான் கொள்ளிடத்தில் ஓட்டம். ஆகவே நம் தலைக்கு மேல் மழை கொட்டியும் குழாய் வறண்டிருக்கலாம். நம் காடு காய்ந்து கிடக்கும்போது குழாயில் தண்ணீர் தாராளமாக வரவும் கூடும். குழாய் எட்டாத கிராமங்களுக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. நமது மாவட்டத்தின் பெரும்பகுதி அடியில் கெட்டிப் பாறை. வெடிப்பில் தங்கிய தண்ணீர் தீர்ந்தால் அப்புறம் எத்தனை நூறு அடி இறக்கினாலும் புகைதான் வரும். சாத்தனூரில் பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய கல்மரம் கிடக்கிறது, அது கடலடியில் படிந்து கல்லானது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கடலடியாகக் கிடந்த சீமை இன்று தண்ணீர் லாரிக்கு வழி பார்க்கிறது!

நிலத்தடி நீரை எவ்வளவு எடுக்கிறோம் என்பதற்கும் அரசிடம் கணக்கு இருக்கிறது. ஓர் ஆண்டில் ஊறுவதற்கு மேல் எடுத்தால் அது "அதிநுகர்வு" பிர்கா. 2017 கணக்கெடுப்பில் தமிழகத்தின் 1,166 பிர்காக்களில் 462 அந்த வகையில் இருந்தன. வரவுக்கு மேல் செலவு செய்யும் கடை எத்தனை நாள் திறந்திருக்கும் என்று நம்மை விட யார் நன்றாகச் சொல்ல முடியும்? நமது கடை எந்தப் பிர்காவில் இருக்கிறது, அது எந்த வகை என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னைவாசிக்குச் செம்பரம்பாக்கத்திலும் பூண்டியிலும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காலைப் பத்திரிகையிலேயே தெரிகிறது. அப்படித் தெரிந்தும் 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, ஓட்டல்காரர்கள் சாப்பாட்டுக் கடையைப் பாதி மூடினார்கள். ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நெடுஞ்சாலை ஓரம் ஓட்டலும் டீக்கடையும் வைத்திருக்கும் நமக்கு அந்த நிலை வந்தால் ரயில் வராது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-இல் அணை இருப்பை வாராவாரம் மக்களுக்குச் சொல்லி, பிப்ரவரி முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தி, குழாயை மூடும் நாளைத் தள்ளிப்போட்டுத் தப்பியது. நம் கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு ஆளுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், ஏறத்தாழ பதினெட்டுக் குடம். உங்கள் தெருவில் பதினெட்டுக் குடம் வருகிறதா என்று எண்ணிப் பார்க்கலாம், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. ஆந்திராவில் 2000-களில் ஏழு வறட்சி மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில், விவசாயிகளே மழைமானி வைத்து, கிணற்றில் நாடா விட்டு நீர்மட்டம் அளந்து, ஊர்ச் சுவரில் எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்து இந்தப் போகம் நெல்லா, கடலையா என்று அவரவர் முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் 1999 முதல் வாரந்தோறும் வியாழக்கிழமை வறட்சி வரைபடம் வெளியிடுகிறார்கள். அதற்கும் நூற்றுக்கணக்கான உள்ளூர்க்காரர்கள் தகவல் கொடுக்கிறார்கள். செயற்கைக்கோள் அனுப்பும் தேசத்துக்கே உள்ளூர் ஆளின் வார்த்தை தேவைப்படுகிறது.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கு ஒரு கடை பொறுப்பெடுத்துக்கொண்டு ஒரு நோட்டுப் போட வேண்டும். பக்கத்து மழைமானியின் அளவு, குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, எத்தனை மணி நேரம், மாதம் முதல் தேதியில் ஊர்ப் பொதுக்கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், இவை போதும். இவற்றோடு அறுபது நாளைக் கடந்த பற்று மொத்தம் கூடியதா குறைந்ததா என்பதும் வேண்டும். இந்தக் கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு வரும். "கடன் கணக்கை வெளியே காட்டினால் வருமான வரிக்காரன் வரமாட்டானா? வாடிக்கையாளர் மானம் போகாதா?" என்று சென்ற கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெயர் வேண்டாம், தொகையும் வேண்டாம். போன மாதத்தை விட நூற்றுக்கு இவ்வளவு கூடுதல் என்று மட்டும் எழுதி மூடிய உறையில் சங்கத்தில் கொடுத்தால் போதும். இருபது கடை உறைகளைப் பிரித்துச் சராசரி போட்டால் எந்தக் கடை எது என்று யாருக்கும் தெரியாது, காலம் எப்படி என்று மட்டும் தெரியும். மூன்று மாதம் தொடர்ந்து அது ஏறினால், மழை அளவையும் கிணற்று அளவையும் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாம். மனுவோடு நோட்டு போனால் அதற்குத் தனி மரியாதை.

தண்ணீர் கேன் விற்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது லிட்டர் கேனில் வருவதும் இதே மண்ணின் நீர்தான். வறட்சியில் அதன் விலையை ஏற்றி ஒரு கோடையில் சம்பாதிப்பதை விட, நிலைத்த விலையில் விற்றுப் பழைய வாடிக்கையாளரை வைத்துக்கொள்வதே வியாபாரம். அதோடு தண்ணீர்ப் பந்தல். மே 5 வணிகர் தினத்தை ஒட்டி, கத்தரி வெயிலில் நம் சங்கங்கள் பந்தல் திறப்பது நல்ல மரபு. திறப்பு விழாப் படம் நமது இதழிலும் வருகிறது. எந்தப் பந்தல் எந்தத் தேதியில் பானை காய்ந்து மூடியது என்பது மட்டும் எந்த இதழிலும் வருவதில்லை. இந்த ஆண்டு முதல் அதையும் நோட்டில் எழுதலாம், குடிநீர் நிலவரத்துக்கு அதை விடச் சரியான சாட்சி கிடையாது. ரஞ்சன்குடிக் கோட்டை கட்டியவர்கள் பாறை மேட்டில் மதிலோடு அகழியையும் நீர்நிலையையும் சேர்த்தேதான் கட்டினார்கள். 1751-இல் வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியது வரை அந்தக் கோட்டைக்கு வேலை இருந்தது. முற்றுகைக்கு எத்தனை நாள் தண்ணீர் தாங்கும் என்று கணக்குப் பார்க்காமல் யாரும் கோட்டை வாசலை அடைத்திருக்க மாட்டார்கள்.

நோட்டை எப்போது தொடங்குவது? நல்ல மழை பெய்யும் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். நல்ல ஆண்டின் அளவு கையில் இருந்தால்தான் கெட்ட ஆண்டு எவ்வளவு கெட்டது என்று காட்ட முடியும். வருகிற ஆடிப்பெருக்கு அன்று முதல் பதிவைப் போடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறோம். நூறு பக்க நோட்டு, ஒரு இஞ்ச் டேப், கிணற்றில் இறக்க ஒரு கயிறு, ஒரு கல், செலவு இவ்வளவுதான். மாதக் கடைசியில் ஒரு நகல் சங்கத்துக்கு வரட்டும், இன்னொரு நகல் கடை வாசல் பலகையில் இருக்கட்டும். சாமான் வாங்க வருகிறவர் நின்று படிப்பார், அளவு பிசகியிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்.